எங்க வூட்டுக்காரரு நடிக்கல

சபையில இருக்குற எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் திருவொத்தியூர் ஸ்டெல்லா.

ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா உலகம் அழிஞ்சிரும்னு ஊரே பேசிகினு இருந்துச்சு. எங்க வூட்ல அது முன்னாடியே அழிஞ்சி போச்சு. எங்க வூட்டுக்காரரு தேவராஜ் ஆர்பர்ல கப்பல் மூட்ட தூக்குறவரு. ஒரு நாளு முதுவுல மூட்ட சரிஞ்சி வுழுந்துச்சு. காயம் ஆறிச்சு. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னாங்க. வலி மட்டும் போவல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

கூட வேல செஞ்சவங்க "நடிக்கிறான்பா"ன்னாங்க. அவருக்குத் தூக்கம் போச்சு. முதுவுக்குத் தேய்க்கிற தைலத்த எங்க வச்சோம்னு மறந்துட்டு, நான்தான் ஒளிச்சேன்னு சண்டைக்கு வருவாரு. பக்கத்து வூட்ல பேசினா, "என்னப் பத்தி இன்னாமே சொன்னே?" அப்பால சோத்துலயே சந்தேகம். அவரு தட்டுல மொத வாய் நான் துன்னு காட்டணும், அப்பதான் கை வைப்பாரு. கட்டின பொண்டாட்டிக்கு இத வுட இன்னா கேவலம் வேணும்?

எனக்கும் சந்தேகம் புடிச்சிகிச்சு. மெய்யாலுமே நடிக்கிறாரா? யாராவது செய்வினை எதனா வச்சிட்டாங்களா? ஜெபக்கூட்டத்துல ஒருத்தரு பிசாசுன்னாரு. அப்படி சொன்னவரயும் நான் நம்பல. எங்கம்மா "பொட்டிய கட்டிகினு வந்துடு"ன்னுச்சு. கட்டிட்டேன். அது மேலயே தலைய வச்சி அழுதேன். "ஆண்டவரே, அவரு வலிய எடு. இல்லாங்காட்டி எது நெசம்னு காட்டு. ரெண்டும் இல்லன்னா நான் போறேன்."

மறுநாளு கடைசி தபா கவுருமெண்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். எப்பவும் பாக்குற டாக்டரு லீவு. புதுசா ஒரு டாக்டரம்மா. எக்ஸ்ரேய தொடக்கூட இல்ல. "தூக்கம் வருதா? மறதி இருக்கா? யாரப் பாத்தாலும் சந்தேகமா இருக்கா?"ன்னு அவரக் கேட்டாங்க. பைத்தியக்காரன்னு பட்டம் கட்டப் பாக்குறாங்களேன்னு எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. எம் மூஞ்சியப் பாத்தே டாக்டரம்மாவுக்கு அது புரிஞ்சிடுச்சு.

"பைத்தியம் இல்லம்மா. முதுகு ஆறிடுச்சு, மூளைக்கு அது இன்னும் தெரியல. திருடன் போன பிறகும் நாய் குரைக்குதில்ல, அந்த மாதிரி. ராவும் பகலும் காவல் காக்குற மூளைக்கு எல்லாருமே திருடனாத்தான் தெரிவாங்க"ன்னாங்க.

இவரு மெதுவா கேட்டாரு. "அப்போ எனக்கு வலிக்கிறது நெசந்தானே?"

"நெசம்தான்யா."

மூட்ட வுழுந்தப்ப கூட அழாத மனுஷன் அத்தினி ஜனத்துக்கு முன்னாடி ஓன்னு அழுதாரு. நான் கேட்டதுக்கு ஆண்டவர் பதில் சொல்லிட்டாருன்னு அங்கியே எனக்குப் புரிஞ்சிச்சு. வூட்டுக்கு வந்ததும் பொட்டிய அவுத்தேன்.

மாத்திரையும் நடப்புமா மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா தேறினாரு. ஒரு மத்தியானம் பழக்கத்துல அவரு தட்டுல நான் கைய வச்சேன். "இன்னாமே, எம் பங்கையும் நீயே துன்னுற?"ன்னாரு. சிரிச்சேன். அழுகையும் வந்துச்சு.

வலி சுத்தமா போச்சுன்னு சொல்லுன்னு இங்க சில பேரு சொன்னாங்க. பொய் சாட்சி சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் கீது. ஆனா எம் புருஷன் எனக்குத் திரும்பக் கெடச்சாரு. நீங்களும் தைரியமா கேளுங்க, ஆண்டவர் நெசத்த காட்டுவாரு. அதோ, ஆம்பளைங்க பக்கம் பாயில உக்கார முடியாம சுவுத்துல சாஞ்சி நிக்கிறாரு பாருங்க. அவர மொறைக்காம யாராவது ஒரு சேர் போடுங்க.