இரண்டாம் வருஷத்து அருவி

பூங்கா வாசலில் புது விலைப் பலகையை மாட்டியிருந்தார்கள். அக்கா அதன் முன்னால் நின்று முழுதாக வாசித்தாள். "ஏட்டி, இந்த ஆனியோட நமக்கும் அருவிக்கும் தீந்துது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உள்ளே போகும்போது வழக்கத்தைவிடப் பைய நடந்தாள். அவள் பைய நடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அக்கா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை. பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போனேன். அன்றிலிருந்து எனக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். ரேஷன் கடையில் அவள் பேசுவாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டாக்டரிடம் போனால் எனக்கு எங்கே வலிக்கிறது என்று அவள் சொல்வாள், நான் தலையாட்டுவேன். ஒருமுறை டாக்டரே, "வலி உங்களுக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டுவிட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அக்காவும் அதே ஐந்தாம் வகுப்புதான். எனக்கு அந்நிய மனிதர் முன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

எங்கள் இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூர். நெல்லை டவுனில் ஆற்றுக்குப் பக்கத்தில், அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தொண்ணூறுகளின் கடைசி அது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அக்கா ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். விழுந்து கிடந்தபோது அவள் முதலில் கேட்டது, "கொடம் நசுங்கிட்டா பாருட்டி" என்பது. நசுங்கவில்லை என்று சொன்ன பிறகுதான் "அம்மா" என்று கத்தினாள். அப்படிப்பட்ட மனுஷி.

இனிமேல் படி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாபநாசத்திலும் படி, குற்றாலத்தில் கூட்டமும் வழுக்கலும். அறுபது வருஷம் தாமிரபரணியில் முங்கிக் குளித்தவளை முக்காலியில் உட்கார வைத்து நான் செம்பால் ஊற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். "இது குளிப்பு இல்லட்டி. செடிக்கு ஊத்துத மாதிரி ஊத்துத" என்பாள். நான் வேகமாக ஊற்றிப் பார்ப்பேன். "இப்ப வாடுன செடிக்கு ஊத்துத" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவில் போகும் சாலையில் அந்தப் பூங்கா வந்தது. ராட்சச ராட்டினம், சறுக்கு, படகு, அப்புறம் சிமெண்டில் பாறைபோலக் கட்டி, மேலே மோட்டார் வைத்துத் தண்ணீரை விழவைத்த ஒரு அருவி. மோட்டார் மாட்டியது என் மருமகன். வேலை முடிந்த மகிழ்ச்சியில் முதலாளி அவருக்கு ஒரு வருஷத்துக்கான இரண்டு அட்டைகளைக் கொடுத்திருக்கிறார். யாருடைய படத்தை ஒட்டுகிறோமோ அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். மருமகன் விளையாட்டாக எங்களிடம் நீட்டினார். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அருவிக்குப் போக படி உண்டா, தரையா?"

"தரைதான் அத்தை."

மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம்.

முதல்நாள் நாங்கள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். அருவிக்குப் போகிறோம் என்றால் எங்களுக்கு ஒரே முறைதான் தெரியும். காலையில் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, அதன்மேல் பழைய சேலையைச் சுற்றி, சீயக்காய்ப் பொடி ஒரு டப்பாவில், பச்சைப்பயறு மாவு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பெண்கள் பக்கத்து அருவியில் போய் நின்று, அக்கா தலையில் நான் சீயக்காயை அப்பி நன்றாகத் தேய்த்தேன். கீழே தேங்கியிருந்த நீலத் தண்ணீரில் எண்ணெய் வளையம் வளையமாகப் படர்ந்தது. சீயக்காய் கரைந்து குளம் செம்மண் குட்டைபோல ஆனது. சின்னப் பிள்ளைகளெல்லாம் "ச்சீ" என்று கரையேறினார்கள். விசில் சத்தம் கேட்டது.

அருவியைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஓடிவந்தாள். சேலைமேல் நீலச் சட்டை, கழுத்தில் விசில். திசையன்விளைப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். எனக்கு அப்படியே தண்ணீரோடு கரைந்து போய்விடலாமா என்றிருந்தது.

"ஆச்சி, என்ன காரியம் பண்ணுதிய?" என்றாள் அவள்.

"குளிக்கோம் தாயி" என்றாள் அக்கா. "அருவியில வேற என்ன பண்ணுவாவ?"

அந்தப் பெண் சத்தம் போட வேண்டிய இடம். அவள் மேலாள் வந்து அவளைச் சத்தம் போட்டதையும் நாங்கள் பார்த்தோம். ஆனால் அவள் எங்களிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஓரத்தில் இருந்த குழாயடிக்கு அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, தன் கையாலேயே அக்கா தலையைச் சோப்புப் போட்டு அலசிவிட்டாள். விரலால் முடியைச் சிக்கெடுக்கும்போதே பேசிக்கொண்டிருந்தாள். "எண்ணெ இங்க ஆவாது ஆச்சி. இந்தத் தண்ணி திரும்பத் திரும்ப அதேதான் சுத்தும். நூல் சேலையும் ஆவாது, மோட்டார்ல நூல் சிக்கும். நைலான்னா பாதகமில்ல. செவ்வாக்கிழம வாங்க, கூட்டமே இருக்காது."

பெட்டி அடியில் கிடந்த பழைய நைலக்ஸ் சேலைகளுக்கு அப்படித்தான் மறுபிறப்பு வந்தது. எனக்கு ஊதாப் பூப் போட்டது, அக்காவுக்குக் கிளிப்பச்சை. கட்டினால் உடம்பில் நிற்காமல் வழுக்கும் என்று ஒதுக்கியவை. தண்ணீருக்குள் அவற்றுக்கு ஈடு இல்லை.

அதன்பிறகு செவ்வாய் தவறவில்லை. அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலியை அருவிக்கு நேராகப் போடுவாள். முதலில் தன் கையை நீட்டித் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்ப்பாள். பிறகு மோட்டார் அறையைப் பார்த்து, "பாதி வால்வு போதும்ணே, ஆச்சிக்கு இடுப்புல தகடு" என்று கூவுவாள். அக்கா நாற்காலியில் கொலு வீற்றிருப்பாள். தலையில், தோளில், இடுப்பில் தண்ணீர் விழும். ஆற்றில் குளித்த பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. நனைந்த சேலைக்குள்ளிருந்தே உலர்ந்த சேலைக்கு ஒரு நகக்கண் வெளியே தெரியாமல் மாறிவிடுவாள். சுடிதார் போட்ட கல்லூரிப் பிள்ளைகள் அதை வித்தை பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அக்கா மூன்று பேருக்கு அதைச் சொல்லிக்கூடக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இடுப்பு இளகியிருக்கும். கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடும் குரலே மணி அடித்தாற்போல் இருக்கும். அன்று ராத்திரி முனகாமல் தூங்குவாள்.

இப்படி ஒரு வருஷம் ஓடி, அந்தப் பலகை வந்தது. அட்டை விலை ஒன்றரை மடங்கு. எங்களுக்கோ முதல் வருஷம் இனாமாக வந்தது. இனி கைக்காசு போட வேண்டும். அந்த வருஷம் வெங்காயம் விற்ற விலையில் நாங்கள் சாம்பாரை வெறும் முருங்கைக்காயோடு நிறுத்தியிருந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் வருவது குடும்பப் பென்ஷன். யோசித்துப் பார்த்ததில், எப்படியோ இழுத்துப் பிடித்தால் ஒரு அட்டை வாங்கலாம். இரண்டு முடியாது.

"ஒண்ணு வாங்கி நீங்க போங்க அக்கா. நான் வெளிய பெஞ்சில இருக்கேன்" என்றேன்.

"நீ வெளிய வெயில்ல காய, நான் உள்ள குளிக்கவா? சும்மா போட்டி" என்றாள். "ராட்டினத்தில ஏறினோமா, சறுக்கில சறுக்கினோமா? எல்லாத்துக்கும் சேத்துல்லா வாங்குதான். ஆத்தங்கரையில வீட்ட வச்சுக்கிட்டு தண்ணிக்குத் துட்டு குடுக்காளுவன்னு ஊர் சிரிக்கும். வேண்டாம்."

வேண்டாம் என்று சொன்னவள் அன்று மாலை அவளுடைய கிளிப்பச்சைச் சேலையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மேலே வைக்கவில்லை, அடியில் வைத்தாள்.

அந்த வியாழக்கிழமை, கோயிலுக்கு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நான் தனியாகப் பஸ் ஏறினேன். தனியாக நான் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. டிக்கெட் கவுண்டர் எதிரே ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்று, கேட்க வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வரிசை காலியாகும், நான் ஒரு அடி வைப்பேன், வேறு யாராவது வருவார்கள், நான் பின்வாங்குவேன். வெயில் மரத்தின் மறுபக்கம் போய்விட்டது. கடைசியில் கவுண்டரில் இருந்தவரே எட்டிப் பார்த்து, "ஆச்சி, யாரையும் தேடுதியளா?" என்று கேட்டார்.

போய் நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் காதைக் கம்பி ஓரம் வைத்தார். "அருவிக்கு மட்டும் அட்டை உண்டா?" என்றேன். இல்லை. "செவ்வாய்க்கு மட்டும்?" இல்லை. "ரெண்டு பேருக்கு ஒரு அட்டை?" அதுவும் இல்லை. அத்தோடு திரும்பியிருப்பேன். கால் திரும்பவும் செய்தது. அந்தப் பச்சைச் சேலை நினைவு வந்தது. மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆற்றில் விழுந்தது, தகடு, முக்காலி, செடிக்கு ஊற்றுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கிருந்து வந்ததோ அவ்வளவு பேச்சு. பின்னால் நாலு பேர் காத்து நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு விதிப் புத்தகத்தைப் புரட்டி, "ஒண்ணு இருக்கு" என்றார். உடம்பில் குறை உள்ளவர் ஒரு அட்டை வாங்கினால், துணைக்கு ஒருவர் சும்மா வரலாம். நடை, பார்வை, பேச்சு, எந்தக் குறையானாலும் சரி. அட்டையில் அதை எழுத வேண்டும். ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்து, கோயிலில் யாரோ சொன்னதாக அந்த விதியை அக்காவிடம் சொன்னேன். நான் போனதைச் சொல்லவில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது.

"நடக்க மாட்டாதவன்னு எழுதி என் படத்த ஒட்டவா? வாசல்ல நிக்க காவக்காரன் தினம் அத வாசிக்கவா? நான் நடக்கேன்லா? ஒன் கண்ணு முன்னாலதான நடக்கேன்?"

"நடக்கீங்க அக்கா" என்றேன். நாலு நாள் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. செம்பும் முக்காலியும் திரும்ப வந்தன. நான் ஊற்றினேன். அவள் செடியென்றுகூடச் சொல்லவில்லை.

அட்டையின் கடைசிச் செவ்வாய் காலை அவளே கிளம்பி நின்றாள். கையில் பச்சைச் சேலை. "ஏட்டி, ஒரு யோசன" என்றாள். "எந்தக் குறையானாலும் சரின்னுதான சொன்ன? ஒனக்கு எழுதுவோம். பேச வராதுன்னு. நான் துணைக்கு வாரேன். அம்பது வருஷமா அதானே நடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாட்டேன் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அக்காவிடம் மறுத்துப் பேசியும் எனக்குப் பழக்கமில்லை. பின்னாலேயே போனேன்.

கவுண்டரில் அதே மனிதர். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா முழங்கையைப் பலகையில் ஊன்றி, "தம்பி, என் தங்கச்சிக்கு ஒரு அட்டை வேணும். பாவம், அவளுக்குப் பேச வராது. நான்தான் துணை" என்றாள்.

அவர் எட்டி என்னைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார். "இவங்களுக்கா பேச வராது? போன வியாழக்கிழம இங்கன நின்னு எங்கிட்ட அர மணி நேரம் பேசினாங்களே. பின்னால வரிசை வாசல் வரைக்கும் போயிட்டு. ஒங்க இடுப்புத் தகட்டுல எத்தன ஆணின்னுகூட எனக்குத் தெரியும் ஆச்சி."

அக்கா திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள், புதிதாக வந்த மருமகளைப் பார்ப்பதுபோல.

"நீயா பேசின?"

தலையாட்டினேன்.

"தனியாவா வந்த?"

"ஆமாக்கா. ஜங்ஷன்ல பஸ் மாறி வந்தேன்."

"கோயிலுக்குன்னு சொன்னியேட்டி, களவாணி." அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கவுண்டர் பக்கம் திரும்பினாள். "சரிய்யா. எனக்கே எழுது. நடக்க மாட்டாதவன்னே எழுது, பெருசா எழுது. துணைக்குப் பேசத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு எனக்கு இருக்குல்லா."

கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும் தாளைக் கிழிப்பதுபோல் அழுத்தமாக இருக்கும். அன்றும் அப்படித்தான் போட்டாள். முடவர் என்று ஊர் சொல்லிவிடுமோ என்று நாலு நாள் தூங்காமல் கிடந்தவள், காவல்காரரிடம் போய், "இந்தா, நல்லா வாசிச்சுக்கோ" என்று தானே அட்டையை நீட்டினாள். அவளைப்போல ஒருத்தியை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்.

உள்ளே அந்தத் திசையன்விளைப் பெண் நாற்காலியைப் போட்டு, கையை நீட்டிப் பார்த்து, பாதி வால்வு சொல்லிவிட்டு வேறு பக்கம் போயிருந்தாள். அக்கா தண்ணீருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கத்தினாள். "ஏட்டி, இன்னுங் கொஞ்சம் தெறந்து விடச் சொல்லு!"

பழக்கத்தில் சுற்றும் முற்றும் பார்த்தேன். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. மோட்டார் அறைப் பக்கம் திரும்பி, அருவிச் சத்தத்துக்கு மேலாக, "முக்கா வால்வு விடுங்க தம்பி!" என்று கூப்பிட்டேன். தண்ணீர் கனத்து விழுந்தது.