பிரியாவிடை வாங்கிய குடும்பம்

எங்கள் குடும்பத்துக்குத் தோட்டத்தில் பிரியாவிடை விருந்து நடந்த மறுநாள் காலையில், தான் எங்கும் போகப்போவதில்லை என்று அப்பா சொன்னார்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கொழுந்து லோரி ஓட்டினார். அம்மாவுக்கு அதே தோட்டத்தில் தூள் பொட்டலம் கட்டும் வேலை. கீழே ஈப்போ நகரில் ஒரு கடையில் அப்பாவுக்கு லோரி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. கிடைத்தது என்பதைவிட, அம்மா தேடிப் பிடித்தார் என்பதே சரி. வாடகை வீடு பார்த்ததும், அங்கே பள்ளியில் எனக்கு இடம் கேட்டு எழுதியதும் அம்மாதான். அப்பா எல்லாவற்றுக்கும் 'ம்' என்று சொல்லியிருந்தார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தேவாலயக் கூடத்தில் விருந்து வைத்தார்கள். அப்பாவுக்கு மாலை, அம்மாவுக்குப் பொன்னாடை, வீட்டுக்கு ஒரு சுவர்க் கடிகாரம். எங்கள் நல்ல பயணத்துக்காக உபதேசியார் இருபது நிமிடம் ஜெபித்தார். ஒருவர் எழுந்து, எங்கள் பிரிவு இந்தத் தோட்டத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். அவருக்கு இரங்கல் கூட்டங்களில் பேசித்தான் பழக்கம். தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் வந்த சண்டையில் இரண்டு வருடமாக அம்மாவோடு பேசாமலிருந்த பக்கத்து வீட்டு அக்காகூட வந்து கட்டிப்பிடித்து அழுதார். அம்மாவும் அழுதார்.

மறுநாள் லோரிச் சாவியை ஒப்படைக்கத் தோட்ட மேனேஜர் துரையின் ஆபீசுக்குப் போன அப்பா, சாவியோடு திரும்பி வந்தார்.

"நீ போயிட்டா அந்த மேல் வளைவுல யாருப்பா லோரி ஏத்துவான்னு துரை கேட்டாரு. நானே ஏத்துறேன்னுட்டேன்."

அம்மா கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு, "மாலை வாங்கியாச்சு, பொன்னாடை வாங்கியாச்சு, அவ தோள்ல சாஞ்சு அழுதும் ஆச்சு. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு பைப்படிக்குப் போறது?" என்று கேட்டார்.

கோபித்துக்கொண்டு போகிறவர்களுக்கு வழக்கமாகப் பெட்டி கட்டவே பாதி நாள் ஆகும். அதற்குள் கோபம் கொஞ்சம் ஆறும். எங்கள் வீட்டிலோ எல்லாம் கட்டித் தயாராக இருந்தது. பத்து மணிக்கு அம்மா ஒரு வேனைப் பிடித்தார். மதியத்துக்குள் நானும் அம்மாவும் ஒன்பது பெட்டிகளும் அதே மலையில் கோலா தெர்லாவில் சித்தி வீட்டில் இருந்தோம். அப்பாவிடம் ஒரு சட்டியும் சுவர்க் கடிகாரமும் மிஞ்சின.

அது வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை. தினமும் மழை. சித்திக்குக் கியா பார்மில் சாலையோரக் கடை. கோஸ், தக்காளி, ஸ்ட்ராபெரி. அம்மா தானாகவே ஒரு கத்தியை எடுத்துக் கோஸின் மேல் இலைகளை வெட்டத் தொடங்கினார். ஈப்போ என்ற சொல்லையோ அப்பா என்ற சொல்லையோ யாரும் எடுக்கவில்லை. நான் பழத் தட்டுகளை அடுக்கினேன்.

பக்கத்துக் கடையில் சோளம் அவித்து விற்றார்கள். அந்தத் தமிழ்க் கடைக்காரரின் மகனுக்குப் பதினாறு வயதிருக்கும். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டிருப்பான். அவன் பாத்திர மூடியைத் திறந்தால் ஆவி எழும்பி அவன் முகம் மறையும். பிறகு மெல்ல மெல்லத் தெரியும். ஒரு நாள் அப்படித் தெரிந்துகொண்டிருந்த முகத்தைப் பார்த்ததில் ஒரு தட்டுப் பழத்தைக் கீழே போட்டுவிட்டேன். அவன் ஓடி வந்து குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"சாயாங் லா," என்றான்.

'லா' என்பது நாங்கள் பேச்சில் ஒட்டிக்கொள்வது; மலாயில் சாயாங் என்றால் அன்பு, அன்பான ஆளைக் கூப்பிடுவதற்கும் அதே சொல்தான். ஒரு பொருள் வீணாய்ப் போனால் 'அடடா, போச்சே' என்பதற்கும் அதேதான். எனக்கு மலாய்ப் பாடத்தில் எப்போதும் ஏ கிரேடு. எல்லாப் பொருளும் தெரியும். கீழே பழம் நசுங்கிக் கிடந்ததும் தெரியும். ஆனாலும் அவன் அதைச் சொன்னபோது பார்த்தது பழத்தை அல்லவே. வீட்டுக்குப் போய்ச் சித்தி மகளின் மலாய் அகராதியைப் புரட்டினேன். அன்பு என்பதே முதல் பொருளாகப் போட்டிருந்தது. அகராதிக்காரர்கள் காரணமில்லாமல் ஒன்றை முதலில் போடமாட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கோயிலுக்குப் போடும் கவுனைப் போட்டுக்கொண்டு, கீழே ரப்பர் பூட்சோடு கடைக்குப் போனேன். "கோஸுக்கா இன்னிக்கு ஞானஸ்நானம்?" என்று சித்தி கேட்டார்.

அவனும் தினம் வந்து பேசினான். முக்கியமாக அம்மாவைப் பற்றி. உங்கம்மா காலையில சாப்பிட்டாங்களா, நேத்து அழுதாங்களா, இப்பல்லாம் கொஞ்சம் சிரிக்கிறாங்களா. இந்த வயதில் இவ்வளவு பொறுப்பா என்று நான் நெகிழ்ந்துபோனேன். மாமியாராக வரப்போகிறவரை இப்படி விசாரிக்கிற ஒருவன் நாளைக்கு என்னை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்றுகூட யோசித்தேன். பூட்சுக்குள் மழைத்தண்ணீர் போனதே தெரியவில்லை.

அப்பா ஞாயிறுதோறும் கோயில் முடிந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கடைக்கு வரமாட்டார், எதிர்ப்பக்கம் நின்று கையசைப்பார். நடுவில் கோலாலம்பூரிலிருந்து வந்த கார்கள் நகராமல் நிற்கும். நான் அவற்றின் இடையே புகுந்து போய், அப்பா சொல்வதை அம்மாவிடம் கொண்டுவந்து சேர்ப்பேன்.

முதல் ஞாயிறு, "ரசத்துக்குப் புளி எவ்ளோன்னு உங்கம்மாகிட்ட கேளு," என்றார்.

அம்மா கோஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "துரைகிட்ட கேக்கச் சொல்லு."

நான் கடமையுள்ள பிள்ளை. "எலுமிச்சங்காய் அளவாம்," என்று அப்பாவிடம் சொன்னேன். இரண்டாவது, மூன்றாவது ஞாயிறுகளும் இப்படியே போயின. அம்மா சொன்னது ஒன்று, அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்று. அதுவரை நான் செய்ததெல்லாம் நல்லதற்குத்தான்.

நான்காவது ஞாயிறு அப்பா புளியைக் கேட்கவில்லை. மழைக்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்: "தப்பு என்னோடதுதான். சனிக்கிழமை லோரிய எடுத்துக்கிட்டு கூப்பிட வரலாமான்னு கேளு. வேணாம்னா வேணாம். அதையும் சொல்லச் சொல்லு."

சாலையின் நடுவில் ஒரு டூரிஸ்ட் பஸ் மறித்தது. அது நகர்ந்தபோது சோளக்கடை தெரிந்தது. மூடி திறந்தது, ஆவி எழும்பியது. தோட்டத்துக்குத் திரும்பினால் இது எதுவும் கிடையாது. பள்ளத்தில் இருக்கும் எங்கள் லயத்தில் கைப்பேசிக்குக்கூட லைன் கிடைக்காது. நான் கடையை அடைவதற்குள் அவன் ஒரு சோளத்தை எடுத்து நீட்டினான். காசு வாங்கவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"ராத்திரியில ரொம்பக் குளுருதாம். பெட்டியில இருக்குற தன் போர்வைய வந்து எடுத்துக்கவான்னு கேக்குறாரு."

அம்மா கத்தியை வைத்தார். நான்கு வாரத்தில் முதன்முறையாகச் சாலைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அப்பா மழையில் தலையில் தொப்பிகூட இல்லாமல் நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்த்து, நன்றாகத் தெரியும்படி, சரி என்று தலையாட்டினார்.

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கையை உயர்த்தி ஆட்டினார். மோட்டாரை உதைத்தார். போய்விட்டார்.

"போர்வைய வாங்காம போறாரே," என்றார் அம்மா.

அந்த வாரம் முழுவதும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் சொன்னால் ஏன் மறைத்தாய் என்று கேட்பார். கேட்டால் சோளக்கடைவரை போகும். தினமும் இரண்டு முறை ஜெபித்தேன். லோரி டயர் பஞ்சராக வேண்டும், ஆனால் யாருக்கும் அடிபடக் கூடாது என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கொழுந்து லோரி வந்து நின்றது. லோரியின் தட்டில் பாதி லயம் நின்றுகொண்டிருந்தது. உபதேசியார் கையில் மாலை. பின்னால் நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. பக்கத்து வீட்டு அக்கா முதல் ஆளாகக் குதித்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"ஏறுங்கக்கா. போறதுக்கு விருந்து வெச்சோம், வர்றதுக்கு வெக்கமாட்டோமா? காலையிலயே ஆடு வெட்டியாச்சு லா."

"நான் எப்ப..." என்று தொடங்கிய அம்மா, அப்பாவைப் பார்த்தார். போன ஞாயிறு மலர்ந்த முகம் அப்படியே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் கோஸைப் பார்த்தேன்.

உபதேசியார் அம்மாவுக்கு மாலையைப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போனது. அம்மா கத்தியைக் கழுவித் துடைத்துச் சித்தியிடம் கொடுத்தார்.

"பெட்டியெல்லாம் கோலா தெர்லாவுல இருக்கு," என்றார்.

அப்போது மஞ்சள் மழைக்கோட்டு ஓடி வந்தது. என்னிடம் அல்ல, அப்பாவிடம். "அங்கிள், எல்லாம் ஓக்கேயா?" அப்பா அவன் தோளைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தத் தம்பிதான் வாரா வாரம் ஆபீசுக்கு போன் பண்ணி எனக்கு எல்லாம் சொல்லும். உங்கம்மா சாப்பிட்டாளா, அழுதாளான்னு. நான்தான் உங்கிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னேன். தங்கமான பையன்."

தங்கமான பையன் என் பக்கம் திரும்பிக் கையாட்டினான். "பை லா, தங்கச்சி."

அந்தச் சொல்லை எந்த அகராதியில் பார்த்தாலும் வேறு பொருள் வராது. நான் லோரியில் ஏறிக்கொண்டேன்.

பெட்டிகளை ஏற்றிய பிறகு, கோலா தெர்லாவில் லோரியைத் திருப்ப இடமில்லாமல், ஈப்போ சாலை பிரியும் இடம்வரை ஓட்டிப்போய் அப்பா திருப்பினார். முன்னால் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் அம்மா மாலையோடு உட்கார்ந்திருந்தார். நான் அழுதுகொண்டே வந்தேன். "எதுக்குடி அழுவுற, வீட்டுக்குத்தானே போறோம்," என்று அம்மா என் மூக்கைத் துடைத்துவிட்டார். அந்த லோரியில் எதையோ இழந்துவிட்டுப் போகிறவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பின்னால் பாட்டுப் பாடினார்கள்.

அம்மா இன்றும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். இப்போது எனக்கும் மூன்று வயதில் ஒரு மகன். அவனுக்குச் சட்டை எடுத்தாலும் இது சரியா, அது சரியா என்று நாலு பேரைக் கேட்கிறேன். அம்மாவிடம் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டதில்லை. அந்த ஞாயிறு நான் அந்தக் கேள்வியை உள்ளபடி கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், மாலையும் ஆடும் ஹாரனும் இல்லாத அந்த நேரத்தில், அம்மா யோசித்து ஒரு பதில் சொல்லியிருப்பார். அது 'வா' என்றுதான் இருக்கும் என்று பயந்துதான் நான் அதை மறைத்தேன். வேண்டாம் என்றும் அம்மா சொல்லக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

'வேணாம்னா வேணாம், அதையும் சொல்லச் சொல்லு' என்ற அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது.