ரப்பர் மேட்டுக்கு அடியில்

கால் வைக்கும் தகடு துருப்பிடித்து ஓட்டையானது தெரிந்தே என் ஸ்கூட்டரை விற்றேன். ஓட்டை தெரியாதபடி புது ரப்பர் மேட் ஒட்டினேன்.

வாங்கியவர் குர்லாவில் பழைய ஸ்கூட்டர் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். யார் வண்டி கொண்டுவந்தாலும் முதலில் மேட்டைத் தூக்கிப் பார்ப்பவர், என்னிடம் பார்க்கவில்லை.

"நம்ம ஊர்க்காரவுக வண்டியில என்னத்தப் பாக்க? டீ குடிங்க சார்."

அவரிடம் அதை வாங்கிய செம்பூர் ஆசிரியர் ஒருவர், தகடு உடைந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததும் ஏச்சு வாங்கியதும் கடைக்காரர்தான். கேள்விப்பட்டும் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போன மாதம் போனேன். என்னிடம் மிச்சமிருந்த இன்னொரு பழைய ஸ்கூட்டர், ஒருபக்கம் சாய்த்து உதைத்தால்தான் கிளம்பும். அது கிளம்பும் சத்தம் இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. அதை மாட்டுங்காவிலிருந்து ஓட்டிப்போய் அவர் கடையில் நிறுத்தி, செய்ததைச் சொன்னேன். காசு வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"மேட் ஒட்டுனது நீங்கதான்னு தகடு ஒடஞ்ச அன்னைக்கே தெரியும் சார். வருவீகன்னு ரெண்டு மழைக்காலம் பாத்தேன். பொறவு விட்டுட்டேன்."

டீ சொன்னார். பிறகு குனிந்து என் வண்டியின் மேட்டைத் தூக்கினார்.

"தப்பா நினைக்காதீக. இப்பல்லாம் சொந்தத் தம்பி வண்டின்னாலும் பாத்துத்தான் எடுக்கேன்."

நன்றாகப் பாருங்கள் என்று கைப்பேசி விளக்கை அவருக்குப் பிடித்தேன்.