வளைந்த பின்கள்

சிங்கப்பூரில், செங்காங் வீட்டில் என் முதல் கணினியைப் பாகம் பாகமாக நானே பூட்டிக்கொண்டிருந்தபோது, பிராசசர் கைநழுவி மதர்போர்டின் மேல் விழுந்தது. மதர்போர்டிலிருந்த மெல்லிய பின்கள் வளைந்துவிட்டன. அந்த மதர்போர்டை எனக்கு விற்றவர் மார்சிலிங்கில் இருந்த கலா அக்கா. அவர் வீட்டுக்கே போய், "நீங்க கொடுத்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு," என்று கூசாமல் சொன்னேன்.

அவர் வாதாடவில்லை. பூதக்கண்ணாடியும் ஊசியும் எடுத்து வந்து, மூச்சைப் பிடித்தபடி பின்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நான்தான் கெடுத்துட்டேன்."

"தெரியும் லா. விக்கிறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சிருக்கேன்," என்றார், தலை நிமிராமல். "கொஞ்சம் லைட் பிடிங்க."

கைப்பேசி விளக்கைப் பிடித்தேன். அரை மணி நேரத்தில் எல்லாப் பின்களையும் நிமிர்த்திவிட்டார்.

அந்தக் கணினி இப்போது என்னிடம் இல்லை. அந்த அரை மணி நேரத்தை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.