கேரவனில் எரிந்த சிவப்பு பல்பு

என் கருவிப் பெட்டியின் அடியில் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு கிடக்கிறது. ஹோல்டரோடு, ஒரு முழ வயரோடு. ஸ்பேனர் தேடும்போதெல்லாம் அதுதான் முதலில் கையில் தட்டுப்படும். ஏசி ரிப்பேர் செய்து பிழைப்பவன் நான். ஒரு பல்பைக் கையில் எடுத்தால் எரிகிறதா என்று போட்டுப் பார்க்காமல் கீழே வைக்கத் தெரியாது. இதை மட்டும் இன்றுவரை போட்டுப் பார்த்ததில்லை. கை நமநமக்கும். எடுப்பேன், துடைப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

அது அண்ணியின் கேரவனில் எரிந்த பல்பு. ஷூட்டிங் நடக்கும் தெருக்களில் நடிகர்கள் மேக்கப் போடவும் உட்காரவும் ஒரு வண்டி வந்து நிற்குமே, அந்தக் கேரவன். என் அண்ணன் கோடம்பாக்கத்தில் லைட்மேனாக இருந்தார். பாதி ஆயுசைக் கேரவனுக்கு வெளியே வெயிலில் நின்றே கழித்தவருக்கு, ஒரு கேரவனுக்கு முதலாளி ஆகிவிட வேண்டும் என்று ஆசை. பழைய வண்டி ஒன்றை வாங்கி, வயரிங் முழுவதையும் தன் கையாலேயே செய்தார். உதவிக்குப் போன என்னை, "நீ ஏசிய மட்டும் பாரு, லைட்டு என் டிபார்ட்மெண்டு" என்று துரத்திவிட்டார். வெளிச்ச விஷயத்தில் அவர் அப்படித்தான். வீட்டில் யாராவது லைட்டை அணைக்காமல் எழுந்து போனால், "இன்னா, ஷூட்டிங் முடியலியா, இன்னும் பேக்கப் சொல்லலியா?" என்பார். வண்டி ஓடத் தொடங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். அண்ணி அழுது முடித்த கையோடு வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அண்ணனின் படத்தை மாட்டி, அதன் தலைமாட்டில் இந்தச் சிவப்பு பல்பைப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் வண்டிக்குப் பீடை பிடித்தது. மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு படப்பிடிப்பு. நடிகர்கள் பேசுவதை அங்கேயே பதிவு செய்கிற படம், அதனால் டேக் போகும்போது ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்கு வண்டியின் பேட்டரிதான் கதி. பேட்டரி கைவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டிக்குள் பட்டப்பகலில் கும்மிருட்டு. ஒரு பக்கம் மீசை ஒட்டி, மறு பக்கம் ஒட்டாத கோலத்தில் ஒரு நடிகர் கத்திக்கொண்டே இறங்கி வந்தார். தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அண்ணியின் முகத்தைப் பார்க்கும்வரை. இரண்டாம் முறை இதேபோல் ஆனபோது தயாரிப்பு மேனேஜர் வந்து, "அக்கா, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா வேற வண்டியத்தான் கூப்புடுவேன். அப்பால கோச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வண்டியை நம்பித்தான் வீடும் மகளின் படிப்பும் இருந்தன.

ஆளாளுக்கு எலக்ட்ரீஷியன் ஆனார்கள். பேட்டரி செத்துவிட்டது என்றார்கள், புதிது போட்டோம். நொச்சிக்குப்பத்துப் பக்கம் நின்று நின்று கடல் காற்றில் பேட்டரி டெர்மினலில் உப்புப் பூத்துவிட்டது என்றார்கள், வெந்நீர் ஊற்றிச் சுரண்டி வாசலின் தடவினேன். எலி கடித்திருக்கும் என்றார்கள், சீட்டையெல்லாம் கழற்றிப் பார்த்தேன். ஷூட்டிங் இல்லாமல் நாலு நாள் சும்மா நின்றால் போதும், பேட்டரி வற்றிப்போய்க் கிடக்கும். கடைசியில் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: லைட்மேன் போட்ட வயரிங் அப்படித்தான் இருக்கும், மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுப் புதிதாய் இழுங்கள். அண்ணி ஒரே வார்த்தையில் முடித்தார். "அவரு கை வெச்சத எவனும் தொடக் கூடாது." எனக்கோ சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். தி.நகரில் யார் வீட்டு ஏசிக்கு முன்னால் நின்றாலும் மனசு அந்த வண்டியின் வயர்களுக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும். அண்ணனின் வயரிங்கில் கோளாறு என்று ஆகிவிட்டால் அண்ணியிடம் அதை எந்த வாயால் சொல்வது?

மழையால் ஷூட்டிங் நின்ற ஒரு நாள், கோடம்பாக்கத்து ஷெட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரிக் கம்பியில் மீட்டரைக் கவ்வவிட்டு உட்கார்ந்தேன். எல்லாம் அணைந்த பிறகும் மீட்டர் கரெண்ட் ஓடுவதாகக் காட்டியது. ப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முள் அசையவில்லை. மிச்சம் இருந்தது, பேட்டரி கரெண்டை வீட்டுக் கரெண்டாக மாற்றித் தர சோபாவுக்கு அடியில் வைத்திருந்த இன்வெர்ட்டர்தான். வேலை இல்லாவிட்டால் தானாகத் தூங்கிவிடுகிற ரகம் அது, அதனால் நான் அதைச் சந்தேகப்பட்டதே இல்லை. சலிப்பில் அதையும் அணைத்தேன். முள் படக்கென்று பூஜ்யத்தில் விழுந்தது. அதே நொடியில் வண்டி இருண்டது. அப்போதுதான் உறைத்தது, இத்தனை நாளும் நான் வயர் தேடியதே அந்தச் சிவப்பு வெளிச்சத்தில்தான் என்று.

"யாரு அவரு படத்து வெளக்க அணைச்சது?" முன் சீட்டிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

படத்துக்கு முன்னால் எரிவதை யார் லைட் கணக்கில் சேர்ப்பார்கள்? எல்லாத்தையும் அணைச்சாச்சா என்று நான் ஒவ்வொரு முறை கேட்டபோதும், ஆச்சு என்று அண்ணி சொன்னது சத்தியம். நானும் அதைப் பார்த்துக்கொண்டேதான் நம்பினேன். பல்பு குடித்தது ஒரு வாய். அதற்காக ராப்பகலாக விழித்திருந்த இன்வெர்ட்டர் குடித்தது ஒரு குடம். இதை எப்படிச் சொல்வது?

"இன்னா மென்னு முழுங்கற? வயரிங்ல கோளாறா? சொல்லித் தொலை நைனா." அதட்டிக்கொண்டே சீட்டிலிருந்து எழுந்து வந்தார்.

"வயரிங்ல ஒரு குத்தமும் இல்ல அண்ணி. இந்த பல்பு எரியறதாலதான் இன்வெர்ட்டர் தூங்காம கீது. பேட்டரிய அதுதான் காலி பண்ணுது."

"வயரிங்ல ஒண்ணும் இல்லியே? நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். அண்ணன் போட்டது இரும்பு மாதிரி கீது."

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். இத்தனை மாதமாக ஊரார் வாயிலிருந்து அவர் காப்பாற்றி வைத்திருந்தது வண்டியை மட்டுமல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சின்ன எல்ஈடி ஒன்றை நேராக பேட்டரியிலேயே கொடுத்துவிடுகிறேன், ஒன்றும் இழுக்காது, விளக்கு பாட்டுக்கு எரியட்டும் என்றேன். அண்ணி இருட்டிலிருந்த படத்தின் பக்கம் திரும்பினார்.

"வாணாம். பேக்கப் சொன்ன அப்பறம் ஒரு லைட்டு எரிஞ்சிகினு இருந்தா உங்க அண்ணனுக்கு ஆவாது. டைரக்டரே குந்திகினு இருந்தாலும் போய் அணைச்சிட்டுத்தான் வருவாரு. அவருக்கு எப்பவோ பேக்கப் சொல்லிட்டாங்க நைனா. நாமதான் அணைக்காம வெச்சிகினு கீறோம். கழட்டு."

கழற்றினேன். அதற்குப் பிறகு அந்த வண்டி யாரையும் இருட்டில் விட்டதில்லை. அடையாற்றில் நடந்த அடுத்த ஷெட்யூலுக்கும் அதே மேனேஜர்தான் கூப்பிட்டார்.

போன வாரம் வண்டியின் ஏசிக்கு கேஸ் ஏற்றப் போயிருந்தேன். இன்வெர்ட்டர் மாறிவிட்டது, பேட்டரி எத்தனையோ மாறிவிட்டது, வயர் மட்டும் அண்ணன் இழுத்ததேதான். சாயங்காலம் பேக்கப் சொன்னார்கள். மூட்டு வலியோடு அண்ணி உள்ளே ஏறி, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தார். படத்துக்கு எதிரில் ஒரு நிமிஷம் நின்றார். ஸ்பேனரைப் பெட்டியில் போடும்போது பல்பு கையில் பட்டது. பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருந்தது. அண்ணி கடைசி சுவிட்சையும் அணைத்துவிட்டு இறங்கினார். நான் பெட்டியை மூடினேன்.