ஏத்தி எறக்கி

கணவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கெலிஓயாவில் வீட்டுக்கு முன்னால் எங்கள் லொறி சும்மா நின்றது. நான்காம் நாள் காலை அவர் மருந்து குடித்துவிட்டுத் தூங்கும்போது அவருடைய போன் அடித்தது. அக்குறணைத் தரகர். லொறிக்குச் சரக்கும் சரக்குக்கு லொறியும் பிடித்துக் கொடுப்பவர்.

"தங்கச்சி, மாப்புளக்கு எப்படி? நாளண்டைக்கு நுவரெலியாவுக்கு ஒரு ஹயர் ஓட்டம் ஈக்கிது. தரைக்குப் போடுற டைல்ஸ். என்ன கேப்பாரு?"

அவரை எழுப்பியிருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளில் அதுதான் அவருடைய முதல் நல்ல தூக்கம். உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்தவள் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அவர் விலை பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். புசல்லாவைக்கு மேலே ஏற்றத்தில் லொறி டீசலைக் கூடுதலாகக் குடிக்கும். திரும்பும்போது சரக்கு இல்லையென்றால் அந்தச் செலவையும் போகும்போதே கேட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் மனதில் கூட்டிப் பார்த்தேன்.

"பதினெட்டாயிரம் நானா" என்றேன். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏத்தி எறக்கி எல்லாம் சேத்துத்தானே?"

ஏறி இறங்கும் மலைப்பாதையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அதை மறக்காமல் சேர்த்திருந்தேனே! "எல்லாம் சேத்துத்தான் நானா" என்று சொல்லி வைத்தேன்.

மத்தியானம் எழும்பியவரிடம் விலையைச் சொன்னேன். "பரவால்லையே" என்றார். ஏத்தி எறக்கிச் சேர்த்துத்தான், மலைப்பாதைச் செலவையும் போட்டுவிட்டேன் என்றதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் புள்ள, அவரு ரோட்டையா கேட்டாரு? பொட்டிய ஏத்தி எறக்குற ஆளுங்க கூலிய கேட்டிருக்காரு!"

இரண்டு பக்கமும் ஆள் பிடித்தால் எங்களுக்கு மிஞ்சுவது அதிலேயே போய்விடும்.

"சரி விடு. நானே தூக்கிர்றேன். பேசுனது பேசுனதுதான்."

சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். பாதித் தண்ணீர் போர்வையில் சிந்தியது. அந்தக் கையால் ஒரு லொறி டைல்ஸா?

திரும்பப் பேசினால் கணவரின் வாக்குக்கு மரியாதை போகும், அடுத்த ஹயர் வேறு லொறிக்குப் போகும். பேசாவிட்டால் இவர் அங்கே போய் விழுவார். போனை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் சமையலறைக்குப் போய்ப் பேசினேன். அங்கே பக்கத்திலேயே தொட்டிலில் எங்கள் சின்ன மகள் அழத் தொடங்கியிருந்தாள்.

நடந்ததைச் சொன்னதும் தரகர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் படிச்சீக்கிறீங்க! நான் பொட்டியச் சொல்ல நீங்க மலையச் சொல்றீங்க." பிறகு சிரிப்பு நின்றது. "நுவரெலியா கடக்காரருக்கு வெல சொல்லியாச்சே தங்கச்சி."

"பதினெட்டு நியாயமான வெலதான் நானா. ஓட்டத்துக்கு மட்டும். அவருக்கு இப்ப தூக்க ஏலாது."

மகளின் அழுகை கூடியது.

"புள்ள அழுவுதே" என்றார். "வைங்க, கேட்டுட்டுச் சொல்றேன்."

கால்மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். இறக்குவதற்குக் கடைக்காரர் ஆள் போடுவார். ஏற்றுவதற்கு அக்குறணையில் தரகரே தன் ஆட்களை நிறுத்துவார். பதிலுக்கு, திரும்பி வரும்போது அவருக்குத் தெரிந்தவரின் மரக்கறியைக் குறைந்த விலைக்குக் கொண்டுவர வேண்டும். வெறுமையாக வரும் செலவை நான் முன்பே சேர்த்திருந்ததால் அதை மறுக்க எனக்கு வாயில்லை. கணவரிடம் கேட்டுச் சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கணவர் கரட் மூட்டைகளோடு வந்து சேர்ந்தார். ஒரு பெட்டியையும் தொடவில்லையாம். "இனி நீயே பேசு. ஒனக்குன்னா எறங்கி வர்றாரு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் தரகர் இறங்கி வந்தது எதற்கு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் சொன்னது நியாயம் என்றா, பிள்ளை அழுத இரக்கத்திலா? தொட்டில் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பேசிக்கொண்டே மகளைத் தூக்கியிருக்கலாம். நான் தூக்கவில்லை.