இல்லாத படகுக்கு நான் எழுதிய விளம்பரம்

எனக்கு நீச்சல் தெரியாது. துடுப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதும் இன்றுவரை தெரியாது. இருந்தும் ஐம்பத்திரண்டு வயதில், பழவேற்காடு ஏரியில் படகு சவாரி நடப்பதாக உலகம் முழுவதற்கும் எழுத்தில் அறிவித்தவன் நான். அந்தப் படகு என்னுடையது அல்ல, யாருடையதும் அல்ல. அப்படி ஒரு படகே இல்லை.

சித்தப்பா மகள், எனக்குத் தங்கை, பழவேற்காட்டில் கோட்டைக்குப்பத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வாசலில் பந்தல் போட்டு, ஏரி பார்க்க வருகிறவர்களுக்கு மதியம் மீன் சாப்பாடு போடுகிறாள். அவளுடைய நண்டு மசாலாவை ஒரு நாள் நான் புகழப் போக, "அப்ப நாலு பேருக்குத் தெரியிற மாதிரி எதுனா எழுதுண்ணா. சும்மா துண்ணுட்டு துண்ணுட்டுப் போற" என்றாள்.

மீஞ்சூரில் என் வீட்டில் உட்கார்ந்து அவளுக்கு ஓர் இணையதளம் செய்தேன். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? பக்கத்துக்கு 'அலையின் மடியில் ஓர் அடுப்பு' என்று தலைப்பு வைத்தேன். இரண்டு மாதத்தில் பதினொரு முறை அந்தப் பக்கம் திறக்கப்பட்டிருந்தது. அதில் ஒன்பது முறை திறந்தது நான்.

பிறகு, தேடுகிறவர் கண்ணில் தளம் முதலில் படுவது எப்படி என்று காணொளிகள் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பசியோடு காரில் வருகிறவன் அலையின் மடியைத் தேட மாட்டான், 'பழவேற்காடு மீன் சாப்பாடு' என்றுதான் தேடுவான். தலைப்பில் அந்தச் சொற்கள் இருக்க வேண்டும். படத்துக்குக் கேமரா கொடுத்த எண்ணை எடுத்துவிட்டு 'நண்டு மசாலா' என்று பெயர் வைக்க வேண்டும். படத்தைச் சுருக்கவும் வேண்டும். இல்லையென்றால் ஏரிக்கரையில் கிடைக்கும் போன் சிக்னலில் அது திறப்பதற்குள் பார்க்க வந்தவர் பொன்னேரி திரும்பியிருப்பார். எல்லாம் செய்தேன். தேடல் முடிவுகளில் மூன்றாம் பக்கத்துக்கு வந்தோம். மூன்றாம் பக்கம் வரை போய்ப் பார்த்த மனிதரை நான் சந்தித்ததில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தேடும் கட்டத்தில் 'பழவேற்காடு' என்று அடித்தால், ஜனங்கள் வழக்கமாக என்ன தேடுகிறார்கள் என்று அதுவே கீழே வரிசையாகக் காட்டும். முதலில் நின்றது 'படகு சவாரி'. எடுத்துத் தலைப்பில் சேர்த்தேன். அதன் கீழே வரும் இரண்டு வரி விளக்கத்தில், 'ஏரியில் இனிய படகு சவாரி, கரையில் சுடச்சுட மீன் சாப்பாடு' என்று எழுதினேன். படகுக்கு வருகிறவனுக்கும் பசிக்கும் அல்லவா? மூன்றே வாரத்தில் முதல் பக்கத்தில் இரண்டாம் இடம். பள்ளியில்கூட நான் அந்த இடத்துக்கு வந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் தங்கையின் கணவர் போன் செய்தார்.

"மச்சான், வேன்ல பதினாலு பேரு வந்து வூட்டாண்ட நிக்கிறாங்க. படகு எங்கன்றாங்க."

"எந்தப் படகு மாப்பிள்ளை?"

"அத்தத்தான் நானும் கேக்குறேன். போனைக் காட்றாங்க. நம்ம வூட்டு போட்டோ கீது, மேல படகு சவாரினு கீது."

அவருக்குப் பின்னால் யாரோ கத்துவதும், ஒரு குழந்தை அழுவதும் கேட்டது.

வெளியாட்களைப் படகில் ஏற்றக் கூடாது என்பது அந்தக் குப்பத்தின் கட்டுப்பாடு. முகத்துவாரத்தில் தண்ணீர் எப்போது இழுக்கும் என்பது ஏறுகிறவர்களுக்குத் தெரியாது. மீறினால் பாடு கிடையாது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை போடுவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கட்டுப்பாட்டை மீறியவன் பெயர் சீட்டில் இருக்காது. பெயர் இல்லையென்றால் ஒரு வருஷம் மற்றவர்கள் இறால் அள்ளுவதைக் கரையில் நின்று பார்க்கலாம்.

வேன் போய்விட்டது. விஷயம் போகவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர்த் தலைவர் காதுக்கு எட்டிவிட்டது. குலுக்கல் வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் இதை விசாரிப்பதாகச் சொல்லிவிட்டார்.

உடனே 'படகு சவாரி' என்ற இரண்டு சொற்களையும் தளத்திலிருந்து அழித்தேன். பெருமூச்சு விட்டு, சரிபார்க்கத் தேடினேன். படகு சவாரி அப்படியே இருந்தது. மறுபடி தளத்தைத் திறந்தேன், அங்கே இல்லை. மறுபடி தேடினேன், இருந்தது. கடைசிக் காணொளியின் கடைசி ஐந்து நிமிடத்தை நான் பார்க்காமல் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாம் மாற்றியதும் தேடுபொறி மாற்றிவிடாது. அது என்றைக்கோ வந்து படித்துக் குறித்து வைத்ததைத்தான் காட்டும். மறுபடி வந்து படித்தால்தான் மாறும்.

சீக்கிரம் வந்து படிக்கச் சொல்லி விண்ணப்பிக்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். சில நாட்கள் ஆகலாம் என்று பதில் வந்தது. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் மேசைக்கு அடியில் போனை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தேன். படகு மிதந்தது. சனிக்கிழமை தங்கை போன் செய்து, "எடுத்துட்டியாண்ணா?" என்றாள். "எடுத்துட்டேன்" என்றேன். "ஆனா இன்னும் கீதே." "வந்து பார்க்கணும்." "யாரு வந்து?" தேடுபொறியைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அதற்குள், "அவுரு ரெண்டு நாளா வலையத் தொடல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை பேருந்தில் போகும்போதும் தேடினேன். இரண்டாம் இடத்தில்தான் இருந்தோம். வாழ்க்கையில் முதல் முறையாகக் கீழே இறங்க வேண்டிக்கொண்டேன்.

கோயில் முன்னால் ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். குலுக்கல் குடம் தலைவர் பக்கத்தில் இருந்தது. மாப்பிள்ளை கைகட்டி நின்றார். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனில் தானே அடித்துத் தேடி, உரக்கப் படித்தார்.

"ஏரியில் இனிய படகு சவாரி. யாரு நைனா எழுதுனது?"

"நான்."

"இவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தங்கைக்கும் தெரியாது."

"படகு யாருது?"

"படகு இல்லைங்க."

"பின்ன எதுக்கு எழுதுன?"

"ஆளு வரணும்னு."

பின்னாலிருந்து ஒருவர், "படகுன்னா படகுக்குத்தான்யா வருவான். சோத்துக்கா வருவான்?" என்றார். நான் பார்த்த நாலு மணி நேரக் காணொளிகளின் சாரம் அது.

"அழிச்சிட்டேன். தலைப்பைத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்க, இருக்காது" என்றேன்.

தலைவர் தொட்டுப் பார்த்தார். "உள்ள இல்ல. வெளிய கீதே?"

"அது பழசு. அவங்க இன்னும் வந்து பார்க்கல."

"எவங்க?"

"மெஷின்தான். அப்பப்ப வந்து படிச்சிட்டுப் போகும்."

"எப்ப வரும்?"

"தெரியாது."

"மீட்டர் பாக்க வர்ற ஆளு மாதிரின்னு சொல்லு" என்றார் பின்னால் இருந்தவர். இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. குடத்துக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் பெயராக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். வேறு யாருடையதோ போலிருக்கிறது. மடித்து உள்ளே போட்டார். பக்கத்தில் இருந்தவர்களிடம் குனிந்து பேசினார். வெகுநேரம் பேசினார். மாப்பிள்ளை மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் பேரு இருக்கட்டும்" என்றார் கடைசியில். "தப்பு எழுதுனவன் மேல. நீ எழுதுன பக்கத்துல மொத வரியா படகு கெடையாதுனு எழுது. அந்த மெஷின் வர்ற வரைக்கும் ஞாயித்துக்கெயமைக்கு ஞாயித்துக்கெயம நீயே வந்து ரோட்டு முனைல நில்லு. படகுனு கேட்டு வர்றவனுக்கு வாயால சொல்லு."

நின்றேன். இரண்டு ஞாயிறு, தொப்பி போட்டுக்கொண்டு. "படகு கிடையாதுங்க. மீன் சாப்பாடு உண்டு, இடது பக்கம் மூணாவது வீடு." சிலர் திட்டினார்கள். ஒருவர் வழிகாட்டியதற்குப் பத்து ரூபாய் நீட்டினார். பலர் இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று இடது பக்கம் திரும்பினார்கள். மூன்றாம் வாரம் புதன்கிழமை தேடல் முடிவு மாறியிருந்தது. முதல் வரி, 'படகு சவாரி கிடையாது'. நான் விடுதலை.

மகிழ்ச்சியோடு தங்கைக்குப் போன் செய்து, இனி ஒழுங்கான சொற்களை மட்டும் வைத்துத் தளத்தை எப்படி முன்னுக்குக் கொண்டுவரப் போகிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அது கெடக்கட்டும்ணா. சாப்ட வந்தவங்கள எல்லாம் எப்டித் தெரியும்னு கேட்டேன். ரோட்டு முனைல தொப்பி போட்ட ஒர்த்தரு சொன்னாருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீ வர்ற ஞாயித்துக்கெயமயும் வந்து நில்லேன்."